பூட்டில் பழுதில்லை

என் அத்தைக்குப் பூட்டுக்கடை. மாடிப்படிக்கு அடியில் வீணாகக் கிடந்த நாலடி அகல இடம். உள்ளே போனவர்கள் திரும்ப முடியாது, பின்பக்கமாகவே நடந்து வெளியே வர வேண்டும். சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் வெட்டாத சாவி. நடுவில் ஒரு சுழல் நாற்காலியில் அத்தை, மூக்குக்கண்ணாடியைச் சாவி வளையத்தில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் ரோஷத்தால் வந்தவள். கல்யாணமான முதல் மாதத்திலேயே சாவியை உள்ளே வைத்துவிட்டு மூன்று முறை கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாவது முறை திறந்துவிட்ட பூட்டுக்காரர், “அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரட்டும்மா?” என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு அத்தைக்கு ஆறவில்லை. மறுநாளே அவர் கடைக்குப் போய் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவருக்கு எதிரிலேயே கடை போட்டாள். அவர் இப்போது வேறு தெருவில் இருக்கிறார்.

எங்கள் தெருவில் இரண்டு வழிபாட்டு இடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. எங்கள் மதத்தாருடையது செங்கல் கட்டிடம். எதிரே இருப்பது வேறு மதத்தாருடையது. வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து அடித்து அதற்கு வெள்ளைக் கட்டிடம் என்றே பெயராகிவிட்டது. வழி கேட்டால்கூட இங்கே யாரும் மதத்தைச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்கு இடப்பக்கம், செங்கல் தாண்டி மூன்றாவது வீடு, அவ்வளவுதான்.

செங்கல் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவர் அத்தையின் கணவர், என் மாமா. பெருக்குவது, துடைப்பது, விளக்குப் போடுவது, கூரையில் புறா கூடு கட்டினால் அதனிடம் நயமாகப் பேசிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. வெள்ளைக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்பவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அத்தையைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் மாமாவுக்கு அவர் மச்சான், எனக்குப் பெரியப்பா. ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. யாரும் அதைப் பற்றி யோசித்ததும் கிடையாது.

இந்த மச்சான்கள் இருவருக்கும் ஒரே வியாதி. சாவியைத் தொலைப்பார்கள். ஒருவர் பேருந்தில் விடுவார், இன்னொருவர் வாளித் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிடுவார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரே மாதத்தில் ஆளுக்கு நாலு சாவி செய்து கொடுத்து அலுத்துப்போன அத்தை, இருவரையும் கடை வாசலில் நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

“உங்க சாவி உங்ககிட்ட இருந்தா தங்காது. அடுத்தவங்க சாவின்னா பயந்து பத்திரமா வச்சிருப்பீங்க. அண்ணே, செங்கலோட சாவிய நீங்க பிடிங்க. ஏங்க, வெள்ளையோட சாவிய நீங்க பிடிங்க. இனிமே ஒரு சாவி தொலைஞ்சுதுன்னு இந்தப் படி ஏறினீங்க, மெஷின்ல உங்க விரலைத்தான் வெட்டுவேன்.”

அன்றிலிருந்து ஒரு சாவி தொலையவில்லை. தினமும் காலையில் மாமா வெள்ளைக் கட்டிடத்தைத் திறப்பார், டிரைவர் செங்கல் கட்டிடத்தைத் திறப்பார், பிறகு அவரவர் இடத்துக்குப் போய்ப் பெருக்குவார்கள். ஒருவர் தூங்கிவிட்டால் இன்னொருவர் தன் கட்டிடத்து வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். தெரிந்தும் நான் தலையாட்டினேன் என்பதுதான் வெட்கம்.

அப்போது நான் நாலாவது நாட்டில், பதினோராவது வாடகை அறையில் இருந்தேன். அறைத்தோழி ஒரு நாள் தன் கைபேசியை நீட்டினாள். அவள் நாட்டுச் செய்தித் தளத்தில் என் நாட்டைப் பற்றிச் சின்னச் செய்தி: ஒரு மதத்தாரின் வழிபாட்டு இடத்தை இன்னொரு மதத்தார் இழுத்துப் பூட்டினார்கள். வாயிற்கதவைப் பூட்டும் ஒரு மனிதரின் முதுகு படத்தில் இருந்தது. “உங்க ஊர்ல இப்படித்தானா?” என்று கேட்டாள். வெகுதூரம் வந்துவிட்டவளின் தோரணையில் நான் ஒரு பெருமூச்சு விட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டாள். “பேப்பர்ல உன் மாமா முதுகு வந்திருக்கு, பாத்தியாடி?”

திரும்பி வர எனக்கு வேறு காரணங்களும் இருந்தன. அந்த முதுகு ஒரு காரணம்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளைக் கட்டிடத்தின் மரச் சட்டங்களில் கரையான். ஒரு நாள் முற்பகல் உள்ளே மருந்து அடித்தார்கள். மாலை வரை யாரும் போகக் கூடாது என்பதால் மாமா தன்னிடமிருந்த சாவியால் வெளிக்கதவைப் பூட்டினார். விஷயம் தெரியாமல் வந்த பத்துப் பன்னிரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றார்கள். மருந்து நெடியில் டிரைவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேறெங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலைப் பத்திரிகையின் நிருபர் ஸ்கூட்டரை நிறுத்தி நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் முதல் பக்கத்தில், “வழிபாட்டுத் தலத்துக்குப் பூட்டு: மாற்று மதத்தவர் அடாவடி.” கீழே இரண்டு படங்கள். ஒன்று மாமாவின் முதுகு. இன்னொன்று, “கண்ணீர் விடும் முதியவர்.”

டிரைவருக்கு அடாவடி என்பதைவிட முதியவர் என்பதுதான் சுட்டது. “எனக்கு அம்பத்தொம்பது வயசு தங்கச்சி. நேத்துகூட மூணு மாடி ஏறினேன்.”

“எந்த மூணு மாடி?”

“ஏறினேன்னு சொல்றேன்ல.”

புறாவை அதட்டக்கூடத் தெரியாத மாமா, அன்றிலிருந்து சட்டைக்கு மேல் துண்டு போர்த்திக்கொண்டே நடமாடினாராம், முதுகு தெரியாமல்.

நான் வந்து சேர்ந்த அன்று காலை டிரைவர் ஒரு கடிதத்தோடு கடை வாசலில் நின்றிருந்தார். வேறு நகரத்தில் இருக்கும் வெள்ளைக் கட்டிடத்தாரின் தலைமைக் குழு அனுப்பியது. செய்தி அவர்களைக் கலவரப்படுத்தியிருந்தது. பத்திரிகையே தவறு என்று ஒப்புக்கொண்டால் ஒழிய, இருபதாம் தேதிக்குள் பூட்டை மாற்ற வேண்டும், சாவியைச் சம்பளத்துக்கு வைக்கும் ஒரு காவலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். அன்று தேதி ஒன்பது.

“உன்கிட்டத்தான் மாத்தச் சொல்லிருக்காங்க,” என்றார் டிரைவர் சங்கடமாக. “நம்பகமான ஆளா பாத்து மாத்தணுமாம். நம்ம தெருவுல நம்பகமான ஆளு நீதானே.”

அத்தை கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, வேலை விவரம் என்ற இடத்தில் எழுதினாள்: பூட்டில் பழுதில்லை. செய்தியில்தான் பழுது. கிழித்து டிரைவர் கையில் கொடுத்தாள்.

“அண்ணே, அவங்க எழுதினது பொய். நான் பூட்டை மாத்தினா அது உண்மையாயிடும். மாத்த மாட்டேன்.”

“அப்ப வேற ஆள வச்சு மாத்துவாங்களே?”

“இருபதாம் தேதிக்குத்தானே. அதுக்குள்ள பேப்பர்க்காரனை மாத்துறேன்.”

பத்திரிகை அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். திருத்தம் கேட்பவர்களை மூன்றிலிருந்து நாலு மணிக்குள்தான் பார்ப்பார்களாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் துணை ஆசிரியர் இருந்தார். மேசையில் மூன்று தொலைபேசிகள், ஆறிப்போன டீ, தலைக்கு மேல் அடிக்கடி இருமிக்கொண்டே ஓடும் ஏசி. அத்தை நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“அம்மா, படம் பொய் சொல்லாது.”

“படம் சொல்லலங்க. படத்துக்குக் கீழ இருக்கிற எழுத்து சொல்லுது.”

“சரி, நான் கேக்குறேன். ஒரு மதத்துக்காரர் கையில இன்னொரு மதத்துச் சாவி பன்னெண்டு வருஷமா இருக்குதுன்னா யாரு நம்புவா?”

“யாரும் நம்ப மாட்டாங்க. அதனாலதான் நீங்க எழுதணும்.”

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். வேண்டுமானால் வாசகர் கடிதம் எழுதிக் கொடுங்கள், ஐம்பது சொல்லுக்குள், போடுகிறோம் என்றார்.

அத்தை நாலு பக்கம் எழுதினாள். அதில் ஒன்றரைப் பக்கம் கரையான். ஐம்பது சொல்லாகச் சுருக்குவதற்குள் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை வந்துவிட்டது. நான் வெட்டும் ஒவ்வொரு வரிக்கும் அவள் தன் பிள்ளையை வெட்டுவது போல முகத்தை வைத்துக்கொண்டாள். கடைசியில் முதல் வரி இப்படி நின்றது: ‘பன்னிரண்டு ஆண்டுகளாக வெள்ளைக் கட்டிடத்தின் சாவி என் கணவரிடம்தான் இருக்கிறது.’ இரண்டாவது வரி, செங்கல் கட்டிடத்தின் சாவி டிரைவரிடம் இருப்பதைச் சொன்னது. மூன்றாவது வரி ஏன் என்று சொன்னது. நாலாவதில் கரையான்.

கடிதம் பதின்மூன்றாம் தேதி பத்திரிகையில் வந்தது. ஏதோ விளம்பரம் வந்து இடம் குறைந்துபோனதால் முதல் வரியோடு நிறுத்தியிருந்தார்கள். மேலே தலைப்பு: “பன்னிரண்டு ஆண்டு அவலம்.”

மாமா அதை நிதானமாகப் படித்தார். “பன்னெண்டு வருஷமா நான் அராஜகம் பண்றேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது,” என்றார்.

“வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டோம்,” என்றார் டிரைவர்.

அன்று அத்தை ஒரு வாடிக்கையாளரின் அலமாரிப் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, திரும்பவும் பூட்டிவிட்டாள். அந்த ஆள் பயந்துபோய் நின்றார். எனக்கு அவளை அப்படிப் பார்த்து வழக்கமில்லை. இதற்கிடையில் நான் அந்த வெளிநாட்டுத் தளத்துக்கும் எழுதியிருந்தேன். மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்கள்: உள்ளூர்ப் பத்திரிகை திருத்தினால் நாங்களும் திருத்துவோம். எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தக் கண்ணாடித் தடுப்புக்கே வந்து நின்றது.

மறுநாள் மூன்று மணிக்கு அத்தை கடையைச் சாத்தினாள். “அண்ணே, சட்டைய மாத்துங்க. அன்னிக்குப் போட்டிருந்த அதே சட்டை.”

நாலு பேரும் போனோம். மாமா உள்ளே வர மறுத்துவிட்டார். நடையிலேயே, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். யாராவது அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது என்று. கட்டம் போட்ட சட்டையில் டிரைவர் துணை ஆசிரியரின் முன்னால் போய் நின்றார்.

“சார், உங்க பேப்பர்ல அழுதுக்கிட்டிருக்கிறது நான்தான். நான் அழல.”

துணை ஆசிரியர் பழைய இதழை எடுத்துப் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையின் கிழிந்த பையைக்கூடச் சரிபார்த்தார். அப்படியும் விடவில்லை. “இவங்க உங்களை மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்கலாம் இல்லையா?”

“மிரட்டுறது உண்மைதான்,” என்றார் டிரைவர். “இந்தத் தங்கச்சி பன்னெண்டு வருஷமா மிரட்டுது. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடு, கீலுக்கு எண்ணெய் போடுன்னு. அதை வேணா எழுதுங்க.”

அறையின் மூலையில் ஒருவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். முப்பது வயது இருக்கும், மேசையில் ஹெல்மெட். அவர்தான் அந்த நிருபர்.

“நான் அங்க பத்து நிமிஷம்கூட நிக்கல சார்,” என்றார் மெதுவாக. “யாரையும் எதுவும் கேக்கல. பூட்டு இருந்துது, ஆளுங்க வெளிய நின்னாங்க, ஒருத்தர் அழுதார். பாத்ததும் கதை தானா வந்துருச்சு.”

“இப்பவாவது கேளுங்க தம்பி,” என்றாள் அத்தை. “காலைல அஞ்சரைக்கு வாங்க. நாங்க எதையும் ஏற்பாடு பண்ணி வைக்க மாட்டோம். என்னைக்கு வேணா வாங்க, சொல்லாம வாங்க.”

பதினெட்டாம் தேதி வந்தார். சொல்லாமல்தான் வந்தார். நான் கடைப் படியில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கியவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. யாராவது அடித்தால் தலை தப்பட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த ஹெல்மெட்டோடேயே வந்து வணக்கம் சொன்னார்.

ஐந்தரைக்கு மாமா வந்தார். வெள்ளைக் கட்டிடத்தின் பூட்டைத் திறந்தார், கதவைத் தள்ளினார், உள்ளே எட்டிப் பார்த்து ஒரு விளக்கைப் போட்டார். பிறகு தெருவைக் கடந்து தன் செங்கல் கட்டிடத்துக்கு வந்தார். பூட்டியிருந்தது. டிரைவரைக் காணவில்லை.

ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. வழிபாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் மாமாவோடு வாசலில் நின்றார்கள். எதிரே வெள்ளைக் கட்டிடத்துக்கு வந்தவர்கள் கைகால் கழுவி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மாமா நடுத்தெருவுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்து, டிரைவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மச்சான். உன் மதத்துக்குக் கதவு தொறந்தாச்சு. என் மதம் வாசல்ல நிக்குது.”

ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. “வர்றேன் மாப்ள. நேத்து மாடி ஏறினதுல கால் வலி.”

“எந்த மாடி?” என்றது கடைக்குள்ளிருந்து அத்தையின் குரல்.

ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் சத்தம் வேறு மாதிரி வரும். முதலில் அது இருமல் என்று நினைத்தேன். நிருபர் ஹெல்மெட்டைக் கழற்றி என் பக்கத்தில் படியில் வைத்தார், கேமராவை எடுத்தார். டிரைவர் சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாக மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். செங்கல் கட்டிடத்தின் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மாமாவைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தார். கதவு கிறீச்சென்றது.

“எண்ணெய்,” என்றாள் அத்தை.

“உன் வீட்டுக்காரரோட கதவு தங்கச்சி அது. அவர்தான் போடணும்.”

“சாவி உங்ககிட்ட இருக்குல்ல. கீலும் உங்க பொறுப்புதான்.”

இதற்கு ஒரு முடிவு கிடையாது, பன்னிரண்டு வருடமாக ஓடுகிற வழக்கு. நிருபர் அன்று மதியம் வரை இருந்தார். தெருவில் பதினேழு பேரிடம் பேசினார். கரையான் மருந்து அடித்தவரைக்கூடத் தேடிப் பிடித்தார். கிளம்பும்போது டிரைவரிடம், “அன்னைக்கு நீங்க அழுதீங்கன்னு எழுதினதுக்கு மன்னிச்சுக்கோங்க,” என்றார்.

“அழுதேன்னு எழுதினதுகூடப் பரவால்ல தம்பி,” என்றார் டிரைவர். “அந்த முதியவரை மட்டும் எடுத்துடுங்க.”

இருபதாம் தேதி காலை பத்து மணிக்குத் தலைமைக் குழுவின் செயலாளர் காரில் வந்து இறங்கினார். கையில் அட்டைப்பெட்டி, அதற்குள் புதுப் பூட்டு. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பூட்டுக்கடை எங்கே என்று கேட்டார். அத்தை எழுந்திருக்காமல் அன்றைய பத்திரிகையை நீட்டினாள்.

முதல் பக்கம். “நாங்கள் தவறு செய்தோம்” என்று தலைப்பு. படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் மாமா, இந்த முறை முகத்தோடு. அவருக்கு மேல் குனிந்து செங்கல் கட்டிடத்தைத் திறக்கும் டிரைவர். கீழே எழுதியிருந்தது: ‘சாவி இல்லாததால் தன் வழிபாட்டு இடத்துக்குள் போக முடியாமல் காத்திருக்கும் பராமரிப்பாளர். சாவி, எதிர்க் கட்டிடத்து 59 வயது இளைஞரிடம்.’

செயலாளர் நின்றபடியே முழுவதும் படித்தார். பாதியில் அவருடைய தோள் சிரிப்பில் குலுங்கியது. முடித்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

“இந்தப் பூட்டை என்னம்மா செய்யறது?”

“மருந்து வைக்கிற அலமாரிக்குப் போட்டுடலாம் சார். கரையான் மருந்து திறந்து கிடக்குது.”

“சாவி யார்கிட்ட இருக்கணும்?”

அத்தை மாமாவையும் டிரைவரையும் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனார்கள். “நீங்களே எடுத்துட்டுப் போங்க சார்,” என்றாள். “தேவைப்படறப்ப வந்து தொறந்து விடுங்க. அப்படியாவது இந்தப் பக்கம் வந்து போவீங்க.”

அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு வேடிக்கை இல்லை என்று தெரிந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் காரில் ஏறினார்.

வெளிநாட்டுத் தளத்துக்கு அன்றே நான் பத்திரிகையின் படத்தை அனுப்பினேன். மாலைக்குள் பழைய செய்திக்கு மேல் மூன்று வரித் திருத்தம் ஏறியது. அறைத்தோழிக்கும் அனுப்பி, அந்த முதுகு என் மாமாவுடையது என்றும், நான் அன்று தலையாட்டியது தப்பு என்றும் எழுதினேன். ‘முகம் நன்றாக இருக்கிறதே’ என்று பதில் வந்தது. மாமாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். முதுகில் போர்த்தியிருந்த துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் கடைக்குத் திரும்பியபோது அத்தை இரண்டு இதழ்களையும் சாவி வெட்டும் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்திருந்தாள். கையில் அடிக்கோல். பழைய செய்தியை அளந்தாள், புதியதை அளந்தாள், திரும்பவும் முதலிலிருந்து அளந்தாள். பிறகு பத்திரிகை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டாள்.

“வணக்கங்க, பூட்டுக்கடைலேர்ந்து பேசறேன். ரொம்ப சந்தோஷம். எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஆனா தப்பா போட்டப்ப படம் அகலம் ஆறு அங்குலம். சரியா போட்டப்ப அஞ்சுதான் இருக்குது.”

மறுமுனையில் துணை ஆசிரியரின் குரல் எனக்கே கேட்டது. “அம்மா, ஒரு அங்குலம்தானே.”

“என் தொழில்ல ஒரு மயிரிழை குறைஞ்சாலே கதவு தொறக்காதுங்க,” என்றாள் அத்தை. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெட்டவேண்டிய அடுத்த சாவியைக் கையில் எடுத்தாள். “நான் லைன்லயே இருக்கேன், பாத்துச் சொல்லுங்க.”